அறுபதுக்கு முன்பே எழுதி முடியும் கணக்கு

செட்டிநாட்டு ஊர்களில் பிள்ளைகள் வெளியூரில் இருப்பது புதுச் செய்தியல்ல. கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்து பொருள் ஈட்ட, போன காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் மூன்று வருஷத் தவணையில் போனார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போய், தவணை முடிந்ததும் ஊர் திரும்பி ஓய்வெடுத்து, மறுபடி கிளம்பினார்கள். போனது ஆண்கள் மட்டும். ஆச்சிமார், குழந்தைகள், வயதான ஐயாவும் அப்பத்தாவும் ஊரிலேயே இருந்தார்கள். இன்று சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு போகிறார். பெரிய வீடுகளில் மட்டும் இந்த நிலை என்றில்லை. அந்த வீடுகளை நம்பிப் பிழைத்த சமையல்காரர், ஆசாரி, கொத்தனார் குடும்பங்களின் பிள்ளைகளும் திருப்பூர், கோவை, வளைகுடா என்று போய்விட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு 2021-க்கு 13.6 என்றும், 2036-க்கு 20.8 என்றும் சொல்கிறது. ஐந்தில் ஒருவர். இளவயதினர் வெளியேறிய காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் அந்த 2036 இப்போதே வந்துவிட்டது என்று சொன்னாலும் மிகையில்லை.

முதியோருக்குத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு திட்டமும் அறுபது வயதில் ஒரு கேள்வி கேட்கிறது. அதற்கான பதில் நாற்பதிலும் ஐம்பதிலும் ஏதோ ஒரு படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பலருக்குப் பணம் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

முதலில் ஓ.ஏ.பி. என்று சொல்லப்படும் முதியோர் உதவித்தொகை. தமிழகத்தில் இது 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-இல் 1,000 ஆகி, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு மத்திய அரசு தரும் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், எண்பதைத் தாண்டினால் 500. மீதியை மாநிலம் போடுகிறது. இந்த 200 ரூபாய் 2007-லிருந்து அசையவே இல்லை. அன்று அந்தப் பணத்தில் என்ன வாங்க முடிந்தது, இன்று என்ன வாங்க முடிகிறது என்று கடைத்தெருவில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போடப்படுகிறது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படம் போதும். அது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போகும். எல்லாம் தீர்மானமாவது வி.ஏ.ஓ. விசாரணையில். அந்த விசாரணை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்:

"மகன் இருக்காரா ஆத்தா?"

"இருக்கான்யா. திருப்பூர்ல, பனியன் கம்பெனில."

"பணம் அனுப்புறாரா?"

"தீபாவளிக்கு வருவான்."

'மகன் ஆதரவில் உள்ளார்' என்று அறிக்கை போய்விடும். ஆத்தா சொன்னதில் பொய் இல்லை, வி.ஏ.ஓ. எழுதியதிலும் பொய் இல்லை. பணம் வரவில்லை என்ற விஷயம் மட்டும் காகிதத்தில் ஏறவில்லை. மகனைக் குறை சொன்னதாகிவிடுமே என்று தாய் அதைச் சொல்ல மாட்டாள். பக்கத்தில் இருப்பவர் யாராவது முன்கூட்டியே இதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மகனுக்குத் தனி ரேஷன் கார்டு இருந்தால் அதன் நகல், அவர் வாடகை வீட்டில் இருப்பதற்கான சான்று, தாயின் வங்கிப் புத்தகத்தில் ஒரு வருஷ வரவு, மூன்றையும் விசாரணை நாளில் கையில் வைத்திருப்பது நல்லது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனு ரசீதைத் தொலைக்கக் கூடாது.

ரேஷன் கார்டில் இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கம். ஒரே வீடு, ஒரே வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), அடுப்பு மட்டும் தனி. சமையல் தனியாக இருந்தால் கார்டும் தனியாக வாங்கலாம் என்பதுதான் விதி. கதவிலக்கம் ஒன்று, கேஸ் இணைப்பு ஒன்று என்றால் ஆய்வுக்கு வருபவர் தயங்குவார். தாய் தந்தையின் பெயர் மகன் கார்டிலேயே தங்கிவிட்டால் மகனின் வருமானமே அவர்களின் வருமானமாகக் கணக்காகும். கார்டைப் பிரிப்பதானால் தாய்க்கு ஐம்பத்தைந்து வயது ஆகும்போதே பிரித்துவிட வேண்டும். ஓ.ஏ.பி. விண்ணப்பம் போடுவதற்கு முந்தின மாதம் பிரித்தால் சந்தேகம்தான் வரும்.

மாமியாருக்கு ஓ.ஏ.பி. வந்தால் மருமகளின் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் நின்றுவிடும் என்று பயந்து விண்ணப்பிக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தடை 2023 ஆகஸ்டிலேயே தளர்த்தப்பட்டுவிட்டது. தகுதியிருந்தால் இருவரும் வாங்கலாம்.

'மகன் இருக்கிறாரா' என்ற கேள்வியையே கேட்காமல் ஒரு நாடு முதியோரைக் கவனிக்க முடியுமா? ஜப்பான் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது அதைத்தான் செய்தது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். உதவி தேவைப்படும்போது ஊராட்சியிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து, எழுந்து நிற்க முடிகிறதா, தானே குளிக்க முடிகிறதா, ஞாபகம் எப்படி என்று 74 கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்வார். மருத்துவரின் குறிப்பும் சேர்ந்து ஒரு குழுவின் முன் போகும். ஏழு படிகளில் ஒன்று முடிவாகும். அந்தப் படிக்கு இத்தனை சேவை என்று வரம்பு, அதில் பத்து சதவீதம் கையிலிருந்து. வசதி கூடியவர்கள் இருபது, முப்பது சதவீதம் கட்ட வேண்டும். பணமாகக் கொடுப்பதில்லை, ஆளும் சேவையும்தான். உடம்பால் எது முடியவில்லை என்பதுதான் அங்கே கணக்கு. மகன் பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும் படி மாறாது.

ஜெர்மனி 1995-இல் வேறு வழியில் போனது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணமாகவும் வாங்கிக்கொள்ளலாம். நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அதிலுள்ள இன்னொரு விதியை என்பேன். வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களில் பத்து மணி நேரம் முதியவரைப் பார்த்துக்கொள்கிறவர், வெளிவேலை வாரம் முப்பது மணிக்கு மிகாமல் செய்தால், அவருடைய ஓய்வூதியச் சந்தாவைப் பராமரிப்புக் காப்பீடே கட்டுகிறது. காரைக்குடியில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய பிஎஃப் கணக்கு ஆறாம் வருஷத்தில் நின்றுபோகும். இருபது வருஷம் கழித்து அவரே வி.ஏ.ஓ. முன்னால் உட்கார்ந்திருப்பார்.

அந்த ஆறு வருஷத்தை என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான விஷயம்.

1995-ஆம் வருஷ ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது. இதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 58 வயதில் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது பத்து வருஷப் பணி வேண்டும். ஒன்பதரை வருஷம் ஆனாலே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். கணக்கு எளிது: கடைசி அறுபது மாதச் சராசரிச் சம்பளம், பெருக்கல் பணி ஆண்டுகள், வகுத்தல் 70.

நூற்பாலையில் ஆறு வருஷம், இன்னொரு ஆலையில் ஐந்து வருஷம், பிறகு கடையில் 58 வயது வரை எட்டு வருஷம் வேலை பார்த்த ஒருவரை வைத்துக்கொள்வோம். மொத்தம் 19 வருஷம். கடைசிச் சராசரி 12,000 ரூபாய் என்றால், 12,000 x 19 / 70, மாதம் 3,257 ரூபாய் வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு இடத்தை விட்டபோதும் 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் முதல் 11 வருஷம் அழிந்துவிடும். மிச்சம் எட்டு. பத்துக்குக் கீழே, ஆகவே பென்ஷனே கிடையாது. 19 வருஷம் சந்தா கட்டியும் சல்லிக்காசு மாத வரவில்லை.

அதே 10சி படிவத்தில் பணம் வேண்டாம், திட்டச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்கும் வழியும் இருக்கிறது. அதை வாங்கி வைத்தால் பணி ஆண்டுகள் சேமிப்பில் நிற்கும், எத்தனை வருஷம் கழித்து வேலைக்குத் திரும்பினாலும் சேரும். படிவம் எழுதிக் கொடுக்கும் இடைத்தரகர்கள் இதைச் சொல்வதில்லை. பணம் கைக்கு வந்தால்தானே அவர்களுக்குக் கமிஷன். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் பிஎஃப் பகுதியை எடுங்கள், பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள்.

இருபது வருஷம் முடித்தவருக்கு இரண்டு வருஷம் கூடுதலாகச் சேர்த்துத் தருவார்கள். மேலே சொன்னவர் இன்னும் ஒரு வருஷம் முன்னால் சேர்ந்திருந்தால் 22 ஆகக் கணக்கிட்டு 3,771 வரும். ஐம்பது வயதிலிருந்தே குறைந்த பென்ஷன் வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அது ஆயுள் முழுக்க. மாறாக அறுபது வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் ஏறும். ஒன்றை மறக்கக் கூடாது: இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள், அது அப்படியே நிற்கிறது.

பணம் கிடைக்காமல் தடுக்கும் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. பழைய ஆலை 'வேலையை விட்ட தேதி'யை ஏற்றாமல் விட்டிருக்கும். கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆகிவிட்டால் தொழிலாளரே தன் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) கணக்கில் அதைப் பதியலாம். ஆதாரில் ஒரு இனிஷியல், பிஎஃப் பதிவில் இன்னொன்று. பிறந்த தேதி ஆதாரில் ஜனவரி 1, பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதம். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும், ஆகவே எந்தச் சான்றிதழ் மற்ற எல்லாவற்றோடும் பொருந்துகிறதோ அதை வைத்துத் திருத்த வேண்டும். ஆலை இழுத்து மூடப்பட்டுவிட்டால் கையெழுத்துப் போட ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். திருத்தங்களை வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

58-க்குப் பிறகும் அதே கடையில் தொடர்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நேரும் ஒரு தவறு: 58 நிறைந்த மாதத்திலிருந்து முதலாளியின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகக் கூடாது, முழு 12 சதவீதமும் பிஎஃப் கணக்குக்கே போக வேண்டும். கணக்கு எழுதுபவர் பழக்கத்தில் பழையபடி கட்டிவிடுவார். அப்புறம் பென்ஷன் கேட்டு 10டி படிவம் போட்டால் சந்தாவைச் சரிசெய்து வா என்று திருப்பி அனுப்புவார்கள். பிறந்தநாள் மாதத்துக்கு முன்னால் கணக்குப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சில இடங்களில் 58 ஆனதும் 'கணக்கு முடித்து' அனுப்பிவிட்டு, மறுநாளே அதே ஆளைத் தினக்கூலியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். வேலை அதேதான். சம்பளச் சீட்டும், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் போய்விடும். இ.எஸ்.ஐ.க்கு மேல் வயது வரம்பே கிடையாது. சம்பளம் 21,000-க்குள் இருந்தால் எழுபது வயதுக்காரரும் உறுப்பினராகத் தொடரலாம். ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு வெறும் 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதி தொடரும். இவ்வளவு மலிவான மருத்துவக் காப்பு நாட்டிலேயே வேறு இருக்காது. கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு. எழுபது வயதைத் தாண்டியவருக்கு 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பில்லாமல் ஐந்து லட்சம் காப்பீடு இருக்கிறது, ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். தினசரி சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வருகிறது. பேர் பதியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிய வேண்டும்.

இதே விஷயத்தில் சிங்கப்பூர் என்ன செய்கிறது என்பது இங்கே பல வீடுகளுக்குத் தெரியும். அங்கே ஓய்வு வயது என்று ஒன்று, மறுபணி வயது என்று இன்னொன்று. 2022 ஜூலையில் 63, 68 என்று வைத்தார்கள். 2026 ஜூலை 1 முதல் 64, 69. இடைப்பட்ட காலத்தில், தகுதியுள்ள ஊழியருக்கு முதலாளி மறுபணி கொடுக்க முன்வர வேண்டும். கொடுக்க இடமில்லையென்றால் ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். வேலையும் சம்பளமும் மாறலாம், ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும். நம் கடைகளில் வயதானவரை வைத்துக்கொள்ளும் மனசு இல்லாமல் இல்லை. எழுத்துதான் இல்லை.

எழுத்தே இல்லாத வேலைக்கு நல்ல உதாரணம் பலகாரம். செட்டிநாட்டுப் பலகாரத் தொழில் ஐம்பது, அறுபது வயதுப் பெண்களின் கையில் நிற்கிறது. மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் கிலோ கணக்கில் கூலி. தேன்குழலுக்கு மாவைப் பிசைந்து, முறுக்கு பிழியும் உழக்கில் அடைத்து, எண்ணெய்ச் சட்டிக்கு மேலே கையை நீட்டிப் பிழிய வேண்டும். மணிக்கட்டும் தோளும்தான் முதலில் போகும். அதிரசப் பாகின் பதத்தை விரலில் தொட்டுப் பார்த்துச் சொல்கிற திறமை அப்போதும் அப்படியே இருக்கும், ஆனால் அதற்குக் கிலோவும் இல்லை, கூலியும் இல்லை. யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்வதில்லை. முன்பு பத்து கிலோ பிழிந்தவர் ஆறு கிலோ பிழிவார், கூலி தானாகக் குறையும். முதுமையின் செலவு முழுவதும் தொழிலாளி தலையில் விழுவதும், அது யார் கண்ணிலும் படாமல் இருப்பதும் கிலோக் கூலியால்தான்.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தையல்ல. ஐந்து பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் மொத்தக் கிலோவுக்குக் கூலி வாங்கித் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். மூத்தவர் பதம் பார்ப்பதும், உட்கார்ந்து சீப்புச் சீடை உருட்டுவதும், பொட்டலம் கட்டுவதுமாக இருக்கலாம். மாவு பிசையும் இயந்திரத்தையும், நிற்கும் உயரத்துக்கு அடுப்பு மேடையையும் போட்டால் இன்னும் ஐந்து வருஷம் கூடும். ஆத்தங்குடி கல் செய்யும் பட்டறைக்கும் இதே கதைதான். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றுவது கைநுணுக்கம், வயதாக ஆகக் கூர்மைதான் ஆகும். கலவை அள்ளிப் போடுவதும், காய்ந்த கல்லைத் தூக்கித் தொட்டியில் இறக்குவதும் முதுகை உடைக்கும். இரண்டையும் ஒரே ஆள் செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இவர்களுக்குப் பிஎஃப் இல்லை, ஆனால் நல வாரியங்கள் இருக்கின்றன. கட்டுமானத்துக்கு ஒன்று, சமையல் தொழிலுக்கு ஒன்று, வீட்டு வேலைக்கு ஒன்று. 18 முதல் 60 வயதுக்குள் பதிய வேண்டும், காலம் முடியும்போது புதுப்பிக்க வேண்டும், அறுபது ஆனதும் பென்ஷனுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தானாக வராது. 58-இல் அட்டை காலாவதியாகி, 61-இல் ஞாபகம் வந்து போய் நிற்பவர்களைக் கை விரித்துத்தான் அனுப்புவார்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லையென்றால் அடல் பென்ஷன் இருக்கிறது. அறுபதில் மாதம் 5,000 கிடைக்க, 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய், 30-இல் 577, 40-இல் 1,454. வருமான வரி கட்டுபவர்கள் சேர முடியாது. அந்த 5,000-மும் விலைவாசியோடு ஏறாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு சேர வேண்டும்.

கடைசியாக வீடு. இங்கே எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு அரண்மனை மாதிரி வீட்டில் பங்கு இருக்கும், மருந்து வாங்கக் கையில் காசு இருக்காது. 2007-இல் வந்த மறு அடமானத் திட்டம், வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் வாங்கிக்கொள்ளும் திட்டம், இவர்களுக்காகவே போட்டது போலத் தோன்றும். ஆனால் வங்கி கேட்பது சுயமாகச் சம்பாதித்த, வில்லங்கமில்லாத, தன் பெயரில் மட்டும் உள்ள வீட்டை. நாலு தலைமுறைப் பங்காளிகளுக்கு உரிய வளவில் இருபத்துநாலில் ஒரு பங்கை எந்த வங்கியும் தொடாது. ஆகவே அந்தப் பங்கு ஒரே ஒரு வழியில்தான் முதுமைக்கு உதவும்: பார்த்துக்கொள்கிறவருக்கு எழுதிவைப்பது.

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மகனுக்கோ தம்பி மகனுக்கோ 'அன்பின் காரணமாக' என்று மட்டும் எழுதித் தானசெட்டில்மெண்ட் பதிந்துவிடுகிறார்கள். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிவிட்டுப் பராமரிக்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு முதியவர் பக்கம் தாராளமாகப் பொருள் கொள்ளச் சொன்னது. தீர்ப்பை நம்பி உட்காராமல் பத்திரத்திலேயே எழுதிவிடுவது மேல். 'எழுதிக் கொடுப்பவரின் ஆயுள் வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை எழுதிப் பெறுபவர் கொடுத்துவர வேண்டும்; தவறினால் இந்தப் பத்திரம் ரத்துக்குரியது' என்று ஒரு வரி. அதோடு, தான் வாழும் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை தனக்கே என்று இன்னொரு வரி. பத்திரம் எழுதுபவர் வேண்டாம் என்றால் ஆளை மாற்றுங்கள்.

தவறினால் மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை வட்டங்களுக்கு அது தேவகோட்டைக் கோட்டாட்சியர் அலுவலகம். வக்கீல் தேவையில்லை. முதியவரால் நடக்க முடியாவிட்டால் அவர் சொல்லும் ஆள் கொடுக்கலாம். மாதப் பராமரிப்புத் தொகை 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம், அந்த மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும். உத்தரவு திருப்தியில்லையென்றால் 60 நாளுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடு. மனு எழுதத் தெரியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம், கட்டணமில்லை. மனுவோடு பத்திர நகல், வில்லங்கச் சான்று, மருந்துச் சீட்டுகள், பணம் வராததைக் காட்டும் வங்கிப் புத்தகப் பக்கங்கள் சேர வேண்டும். பத்திரத்தின் அசலை மகனிடம் கொடுத்துவிட்டிருந்தால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பத்திர எண்ணும் பதிந்த வருஷமும் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே கையெழுத்துப் போட்ட அன்றே அந்த இரண்டையும் வங்கிப் புத்தகத்தின் அட்டையில் குறித்துவையுங்கள்.